பழைய ஸ்காட்லாந்து கில்ட்டும் டார்ட்டன் துணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், கொசுவம் வைத்த கம்பளி உடைதான் கில்ட். பழைய கில்ட் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "இது எந்தக் குலத்துடையது?" என்றுதான். நான் அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் வைத்துக்கொள்வேன். நூல், நெசவு, மடிப்பு, தையல் இவை நான்கும் ஒரு கில்ட்டைப் பற்றிச் சொல்கிற அளவுக்குப் பெயர்ச்சீட்டு எதுவும் சொல்லாது. துணியைப் படிக்க வேண்டுமானால் அது கெடாமல் இருக்க வேண்டும். அதனால் ஆராய்ச்சியையும் பாதுகாப்பையும் இங்கே பிரிக்காமல் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

டார்ட்டன், பிளெய்டு, கில்ட் மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. டார்ட்டன் என்பது துணி. பாவிலும் (நீளவாக்கு இழை) ஊடையிலும் (குறுக்கு இழை) ஒரே நிற வரிசை திரும்பத் திரும்ப வந்து கட்டம் கட்டமாக விழும் கம்பளி நெசவு. அந்த நிற வரிசைக்கு 'செட்' என்று பெயர். பிளெய்டு என்பது ஸ்காட்லாந்தில் ஒரு போர்வை, அல்லது தோளில் போடும் நீளத் துணி. அமெரிக்கர்கள் எந்தக் கட்டம் போட்ட துணியையும் பிளெய்டு என்பார்கள், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

கில்ட் என்பது உடை. அதிலும் இரண்டு உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் மலைநாட்டு (ஹைலேண்ட்) ஆண்கள் கட்டியது 'ஃபேல மோர்', பெரிய கில்ட். தைக்காத ஒரு நீளத் துணியைத் தரையில் விரித்து, கொசுவம் வைத்து, இடுப்பில் வார் போட்டுக் கட்டி, மிச்சத்தைத் தோளில் ஏற்றிக்கொள்வார்கள். இரவில் அதுவே போர்வை. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இடுப்புக்குக் கீழுள்ள பகுதி மட்டும் தனி உடையாகப் பிரிந்தது. அது 'ஃபேல பெக்', சின்ன கில்ட். தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலைக்காரர்தான் அதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. அதை மறுப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். கொசுவத்தைத் தைத்து நிறுத்திய கில்ட் வந்தது அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில். ஆகவே, "1745 காலத்துக் கில்ட்" என்று யாராவது தைத்த கில்ட் ஒன்றைக் காட்டினால் சந்தேகப்படுவது நியாயம்.

பழைய கில்ட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதுவும் செய்யாதீர்கள். துவைக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், தொங்கும் நூலைக் கத்தரிக்க வேண்டாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சுத்தமான வெள்ளைத் துணி விரித்த மேசையில் படுக்கப் போடுங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், இழையில் மாட்டும்.

அப்புறம் படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம், ஒவ்வொரு கிழிசல், ஒவ்வொரு ஒட்டு. ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். உள்ளே சீட்டு, முத்திரை, மையில் எழுதிய பெயர், குத்தியிருக்கும் பழைய ஊசி எதுவும் எடுக்கப்படாமல் அப்படியே இருக்கட்டும். யாரிடமிருந்து, எப்போது, என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் கதையில் நம்முடைய ஆசையும் கலந்துவிடும்.

அது எவ்வளவு பழையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. நான்கைந்து அடையாளங்கள் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும்.

முதலில் நூல். ஒரு ஊசியின் முனையால் ஓரத்து இழை ஒன்றை மெல்ல விலக்கிப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு டார்ட்டனில் பெரும்பாலும் ஒற்றை இழையை இறுக்கி முறுக்கி நெய்திருப்பார்கள். இன்றைய கில்ட் துணியில் இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூல் இருக்கும். பழைய துணி மெல்லியது, ஆனால் விறைப்பானது. விரலால் தேய்த்தால் கம்பளி மாதிரி மெத்தென்று இருக்காது, கிட்டத்தட்டக் கான்வாஸ் மாதிரி இருக்கும். 'ஹார்டு டார்ட்டன்' என்று இதைச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டு நடுவுக்குள் மிருதுவான நூல் வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஹார்டு டார்ட்டனைத் தொட்டுப் பார்த்த கை மறக்காது. அருங்காட்சியகத்தில் தொட விடமாட்டார்கள், ஆனால் ஏலக்கூடங்களில் பார்வைக்கு வைக்கும் நாளில் கேட்டால் தொடலாம்.

அடுத்து அகலமும் கரையும். கில்ட்டின் கீழ் ஓரத்தில் மடித்துத் தைத்த தையல் இருக்காது. தறியிலேயே முடிந்த கரைதான் கீழே வரும். முன்பு தறி அகலம் சிறியது, ஏறக்குறைய 25 முதல் 27 அங்குலம். இடுப்பிலிருந்து முழங்கால் வரை அதுவே போதும். இப்போது இரட்டை அகலத்தில் நெய்து நீளவாக்கில் இரண்டாக வெட்டுகிறார்கள். மேல் ஓரத்தில், இடுப்புப் பட்டைக்குள்ளே எட்டிப் பார்க்க முடிந்தால் பாருங்கள். அங்கேயும் தறிக் கரை இருந்தால் ஒற்றை அகலத் துணி. வெட்டிய ஓரம் இருந்தால் பெரும்பாலும் இரட்டை அகலத்திலிருந்து வந்தது.

மூன்றாவது மடிப்பு. முதன்முதலில் தைத்த கில்ட்டுகளுக்கு நான்கு கெஜம் அளவில்தான் துணி. மடிப்பு அகலமாக, இரண்டு பக்கமும் உள்ளே மடங்கிய பெட்டி மடிப்பாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ராணுவத்தில் ஒரே பக்கமாகச் சாயும் கத்தி மடிப்பு வந்தது. மடிப்பின் எண்ணிக்கை கூடக் கூடத் துணியும் கூடி, இன்று எட்டு கெஜம் வரை போகிறது. பழையவற்றில் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு நடுவில் வரும்படி மடித்திருப்பார்கள். பின்னால் பார்த்தால் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். பின்பக்கத்திலும் முழுக் கட்டம் தொடர்ந்து தெரியும்படி மடிப்பது பின்னாளில் பரவியது. ஆனால் கோட்டுக்கு மடிக்கும் வழக்கம் ராணுவத்தில் இன்றும் இருக்கிறது, எனவே அது மட்டும் சாட்சியாகாது.

நான்காவது தையல். கைத்தையல் இருந்தால் பழையது என்று நினைக்காதீர்கள். நல்ல கில்ட்டை இன்றைக்கும் கையால்தான் தைக்கிறார்கள். மாறாக, மூலத் தையலிலேயே இயந்திரத் தையல் இருந்தால் 1850-களுக்கு முந்தையது இல்லை என்று சொல்லிவிடலாம். தோல் வாரும் பக்கிளும் பெரும்பாலும் பிற்காலத்தவை. முன்பு ஊசி, நாடா, பொத்தான் வைத்து மாட்டினார்கள். பழைய கில்ட்டில் புது வார் வைத்துத் தைத்திருப்பதும் உண்டு, ஆகவே வாரின் கீழே பழைய தையல் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

செட்டை எண்ணுவது எப்படி?

நூல் எண்ணும் சின்ன மடக்கு லென்ஸ் ஒன்று, ஒரு பென்சில், பொறுமை. பேனா வேண்டாம், மை சிந்தினால் போச்சு.

பெரும்பாலான டார்ட்டன்களில் நிற வரிசை ஓரிடம் வரை போய், கண்ணாடியில் தெரிவது போல் அப்படியே திரும்பும். திரும்பும் இடங்கள் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்று வரை ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை இழை என்று எண்ணிக் குறியுங்கள். உதாரணத்துக்கு, நீலம் 24, கருப்பு 4, நீலம் 4, கருப்பு 4 என்று போகும். பாவில் ஒரு முறை, ஊடையில் ஒரு முறை. பழைய துணிகளில் இரண்டும் ஓரிரு இழை வித்தியாசப்படுவது சகஜம். நெசவாளி மனக்கணக்கில் ஊடை போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதைத் 'திருத்தி' எழுதாதீர்கள். 23 இருந்தால் 23 என்றே எழுதுங்கள்.

திரும்பாத, ஒரே திசையில் ஓடும் செட்டுகளும் பழைய துணிகளில் வரும். கரை ஓரத்தில் மட்டும் தனி வரிசை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பதிவேட்டுக்குப் போக வேண்டும். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி 2009 பிப்ரவரியில் தொடங்கிய ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் அதை நடத்துகிறது. படத்தை மட்டும் ஒப்பிட்டுப் பெயர் வைக்கிறவர்கள் பெரும்பாலும் தவறான பெயரில்தான் போய் நிற்கிறார்கள்.

சரி, எந்தக் குலத்தது என்று சொல்லவே முடியாதா?

காலம் தெரிந்தால் ஓரளவு சொல்லலாம். 1800-க்கு முந்தைய துணிக்குக் குலப்பெயர் தேடுவதில் பொருள் குறைவு. 1703-இல் மேற்குத் தீவுகளைப் பற்றி எழுதிய மார்ட்டின் மார்ட்டின், பிளெய்டைப் பார்த்தால் ஆள் எந்தப் பகுதி என்று ஊகிக்கலாம் என்றுதான் சொல்கிறார். குலத்தைச் சொல்லவில்லை. கலோடன் போரைக் காட்டும் டேவிட் மோரியரின் ஓவியத்தில் எட்டு மலைநாட்டு வீரர்கள் இருபதுக்கும் மேற்பட்ட டார்ட்டன்களை உடுத்தியிருக்கிறார்கள். ஒரே ஆளின் மேல் சட்டை ஒன்று, கில்ட் இன்னொன்று, காலுறை வேறொன்று.

குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற முறை கெட்டிப்பட்டது 19ஆம் நூற்றாண்டில். லண்டனிலிருந்த ஹைலேண்ட் சொசைட்டி 1815-இல் குலத் தலைவர்களுக்கு எழுதி, உங்கள் டார்ட்டனில் ஒரு துண்டை முத்திரையிட்டு அனுப்புங்கள் என்று கேட்டது. எங்கள் டார்ட்டன் எதுவென்று எனக்கே தெரியாது, நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்ற பொருளில் பதில் எழுதிய தலைவர்களும் இருந்தார்கள். 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வரவேற்பை ஏற்பாடு செய்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் எல்லோரையும் டார்ட்டன் உடுத்தி வரச் சொன்னார். தேவை திடீரென ஏறியது.

அந்தத் தேவையைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர்கள் பேனக்பர்னில் இருந்த வில்லியம் வில்சன் அண்ட் சன்ஸ். 1760-களிலிருந்து நெய்தவர்கள். 1819-இல் அவர்கள் தொகுத்த வடிவப் புத்தகத்தில் இழைக் கணக்குகள் இருக்கின்றன. பல வடிவங்களுக்கு வெறும் எண்தான் பெயர். சிலவற்றுக்கு ஊர்ப் பெயர், சிலவற்றுக்கு வாங்கியவர் பெயர். அவர்கள் 'கிட்' என்றும் 'கலிடோனியா' என்றும் குறித்த ஒரு வடிவம்தான் பிறகு மக்ஃபர்சன் குலத்தின் டார்ட்டனாக நிலைத்தது. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களுக்கு உடுப்புத் துணியாகவும் வில்சன்களின் டார்ட்டன் போனது. டார்ட்டனின் வரலாற்றில் இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

1842-இல் வந்த 'வெஸ்டியாரியம் ஸ்கோட்டிகம்' என்ற நூலைத் தனியாகச் சொல்ல வேண்டும். தங்களை ஸ்டூவர்ட் அரச வம்சத்தவர் என்று சொல்லிக்கொண்ட இரண்டு சகோதரர்கள், பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றிலிருந்து எடுத்தது என்று வெளியிட்டார்கள். அது போலி. ஆனாலும் அதிலுள்ள பல செட்டுகளை இன்றைக்கும் குலங்கள் உரிமையோடு உடுத்துகின்றன. உங்கள் துணியின் செட் அந்த நூலிலிருந்து வந்தது என்று தெரிந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. துணி 1842-க்குப் பிறகானது என்பதற்கு நல்ல சாட்சி கிடைத்திருக்கிறது.

விற்பவர் 'ஏன்ஷியன்ட்' டார்ட்டன் என்கிறார். மிகப் பழையது என்று அர்த்தமா?

இல்லை. அது நிறச் சாயலின் பெயர். ஒரே செட்டை அடர்ந்த நிறத்தில் நெய்தால் 'மாடர்ன்', வெளிறிய நிறத்தில் நெய்தால் 'ஏன்ஷியன்ட்', மண்ணும் பழுப்புமாக நெய்தால் 'வெதர்டு'. போன மாதம் நெய்த துணியும் ஏன்ஷியன்ட்டாக இருக்கலாம். இன்னொன்றும் சொல்கிறேன். உண்மையான பழைய டார்ட்டன் வெளிறியே இருக்கும் என்பதும் தவறு. இயற்கைச் சாயத்தில் தோய்ந்த பழைய சிவப்பு, வெளிச்சம் படாமல் இருந்தால், கண்ணைப் பறிக்கும்.

நிறத்தை வைத்துக் காலம் சொல்லலாமா?

கண்ணால் பார்த்துச் சொல்வது ஆபத்து. ஆனால் சில விஷயங்கள் கண்ணுக்கே தெரியும். எனக்கு மிகப் பிடித்தது இது: ஒரு மடிப்பை மெல்ல விரித்து உள்ளே பாருங்கள். வெளியில் நீலமாகத் தெரிந்த கோடு உள்ளே நல்ல பச்சையாக இருக்கும். இரண்டும் ஒரே இழைதான். அந்தக் காலத்தில் பச்சைக்குத் தனிச் சாயம் இல்லை. அவுரி நீலத்தில் தோய்த்து, அதன் மேல் மஞ்சள் ஏற்றுவார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் முதலில் போய்விடும், அவுரி நிற்கும். நூறு இருநூறு வருட வெயில் அந்த மடிப்பின் விளிம்பில் கோடு கிழித்தது போல் நின்றுவிடுகிறது.

சிவப்புக்கு மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவான மேடர் வேர். விலை உயர்ந்த சிவப்புக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கொச்சினீல் பூச்சி. சாயம் பிடிக்கப் படிகாரம், கொச்சினீலுக்குத் தகர உப்பு. பாறையில் படரும் கல்பாசி வகைகளிலிருந்தும் சாயம் எடுத்தார்கள். நாம் குழம்பில் தாளித்துப் போடும் கல்பாசியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்து பழுப்பு நிறம், வேறொரு வகையிலிருந்து ஊதா. அந்த ஊதாவுக்கு 'கட்பேர்' என்று பெயர், 1758-இல் கத்பர்ட் கார்டன் காப்புரிமை வாங்கினார்.

1856-இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். ஆகவே ஆய்வுக்கூடத்தில் செயற்கைச் சாயம் இருப்பதாகத் தெரிந்தால், துணி அதற்குப் பிந்தையது. இதைத் திருப்பிச் சொன்னால் உண்மையில்லை. இயற்கைச் சாயம் 1856-உடன் நின்றுவிடவில்லை. சாய ஆய்வுக்குச் சில மில்லிமீட்டர் நூல் போதும், ஆனால் அந்தச் சில மில்லிமீட்டரையும் நிபுணர் கையால்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டுத் துண்டு கலோடன் போர்க்களத்திலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். நம்பலாமா?

கலோடன் போர் நடந்தது 1746 ஏப்ரல் 16. அரியணைக்காகக் கிளர்ச்சி செய்து அங்கே தோற்ற ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் உடுத்தியது, அவர் படுத்தது, அவர் தந்தது என்று துண்டு துண்டாக வெட்டிக் குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட டார்ட்டன்கள் ஏராளம். கதை பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கதைக்கு எவ்வளவு வயது என்று தேடுங்கள். துண்டோடு இருக்கும் காகிதம் எந்தத் தலைமுறைக் கையெழுத்து? உயில், கடிதம், பழைய கண்காட்சிப் பட்டியல் எதிலாவது அது வருகிறதா? துணியின் நூலும் சாயமும் அந்தக் காலத்துக்குப் பொருந்துகின்றனவா? பொருந்தினால், "குடும்ப வழக்கில் கலோடனோடு சேர்த்துச் சொல்லப்படும் 18ஆம் நூற்றாண்டு டார்ட்டன்" என்று எழுதுங்கள். அது நேர்மையான வரி.

போருக்குப் பிந்தைய தடைச் சட்டம் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 1747 ஆகஸ்டு 1 முதல் 1782 வரை ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடை உடுத்தத் தடை. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழு ஆண்டு நாடு கடத்தல். ஆனால் படைவீரர்களுக்குத் தடை இல்லை, பெண்களுக்கு இல்லை, நெசவுக்கும் இல்லை. அந்த 35 ஆண்டுகளில் டார்ட்டனே நெய்யப்படவில்லை என்ற பேச்சு சரியல்ல. வில்சன்களின் தொழில் வளர்ந்ததே அந்தக் காலத்தில்தான், படைக்கு நெய்து கொடுத்து.

ராணுவ கில்ட்டை எப்படி அடையாளம் காண்பது?

சந்தையில் கிடைக்கும் பழைய கில்ட்டுகளில் நிறைய ராணுவத்துடையவைதான். உள் துணியில் அரசுச் சொத்தைக் குறிக்கும் அகன்ற அம்பு முத்திரை, தயாரித்தவர் பெயர், ஆண்டு, அளவு, சில சமயம் வீரரின் எண் இருக்கும். மை மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

செட்டில் ஒரே ஒரு கோடுதான் படைப்பிரிவைப் பிரிக்கும். நீலம், கருப்பு, பச்சை மட்டும் இருந்தால் பிளாக் வாட்ச். அதன் மேல் மஞ்சள் கோடு வந்தால் கார்டன். வெள்ளையும் சிவப்பும் வந்தால் மெக்கன்ஸி, சீஃபோர்த் வீரர்கள் கட்டியது. கார்டனின் மஞ்சள் கோட்டுக்கு ஒரு கதை: 1793-இல் வில்லியம் ஃபோர்சைத் என்ற துணி உற்பத்தியாளர் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று மூன்று மாதிரி காட்டினார். ஒற்றைக் கோடு தேர்வானது. அந்த மஞ்சள் இழைதான் பழைய கில்ட்டில் முதலில் வெளுக்கும். வெளுத்தால் வெள்ளை போலத் தெரியும், அவசரப்பட்டு வேறு பெயர் வைத்துவிடாதீர்கள்.

முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கட்டிய கில்ட்டுகளில் சேறு, துரு, இரத்தக் கறை இருக்கலாம். 1940-இல் பிரான்சில் கேமரன் ஹைலேண்டர்ஸ் வீரர்கள் கட்டியதோடு போர்முனையில் கில்ட் முடிந்தது. அந்தக் கறைகளை அழுக்கு என்று எண்ணிச் சுத்தம் செய்யாதீர்கள். அவை அந்த மனிதனின் சாட்சி.

அழுக்காக இருக்கிறது. துவைக்கலாமா? உலர் சலவைக்குக் கொடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் வாங்கிய பழைய கில்ட்டின் மடிப்பு கலைந்திருந்தது. ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். சில நொடிதான். துணியை எடுத்துப் பார்த்தால் சிவப்புக் கோட்டிலிருந்து பக்கத்து வெள்ளைக் கோட்டுக்கு ரோஜா நிறம் இறங்கியிருந்தது, விரல் நீளத்துக்கு. அது இன்றும் அப்படியே இருக்கிறது. அந்தக் கில்ட்டை எடுக்கும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு: தூசி எடுப்பது. வாக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுவிசையில் வைத்து, குழாய் வாயில் மெல்லிய வலைத்துணியைக் கட்டி, துணியைத் தேய்க்காமல் சற்று உயர்த்திப் பிடித்து, நெசவின் போக்கிலேயே நகர்த்துங்கள். மடிப்புக்குள் அந்து முட்டை தங்கும், அங்கே கவனமாகப் பாருங்கள். இழை தளர்ந்த இடத்தில் இதுவும் வேண்டாம்.

அந்துப்பூச்சி அரித்திருக்கிறது. பாச்சை உருண்டை போடலாமா?

போடாதீர்கள். அதன் ஆவி உடம்புக்கு நல்லதல்ல, வாசனை துணியை விட்டுப் போகாது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை அது நம்பிக்கையாகக் கொல்வதும் இல்லை. வேப்பிலை, லாவெண்டர் எல்லாம் மனத்திருப்திக்குத்தான்.

அரிப்பது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. கம்பளியிலுள்ள கெரட்டின்தான் அதற்கு உணவு. வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடத்தை முதலில் தின்னும். சரியான வழி உறைய வைப்பது. துணியை அமிலமற்ற தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை முடிந்தவரை வெளியேற்றி, பையை நன்றாக ஒட்டுங்கள். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். அருங்காட்சியகங்களில் மைனஸ் 30-இல் மூன்று நாள். வெளியே எடுத்தபின் பையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் வையுங்கள். உடனே பிரித்தால் ஈரம் துணி மேல் இறங்கும். உலோகம், தோல், வண்ணம் பூசிய பகுதி சேர்ந்திருந்தால் முதலில் பாதுகாப்பு நிபுணரைக் கேளுங்கள்.

புதிதாக வரும் எந்தக் கம்பளித் துணியையும் மற்றவற்றோடு சேர்க்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

எப்படி எடுத்து வைப்பது?

தொங்கவிட வேண்டாம். எட்டு கெஜக் கம்பளியின் கனம் முழுவதையும் இடுப்புப் பட்டைத் தையல் தாங்க வேண்டியிருக்கும், பழைய நூலால் முடியாது. அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். மடக்க வேண்டிய இடத்தில் அமிலமற்ற தாளைச் சுருட்டி உருளையாக்கி உள்ளே வைத்தால் மடக்குக் கோடு கூர்மையாக விழாது. வருடம் ஒருமுறை எடுத்துப் பார்த்து மடக்கும் இடத்தை மாற்றுங்கள். தைக்காத பிளெய்டாக இருந்தால், தாள் சுற்றிய அகலமான குழாயில் சுருட்டுவதே நல்லது.

அமிலமற்ற தாள் கிடைக்காத ஊரில் காடாத்துணி போதும். கஞ்சி முழுக்கப் போகும்படி இரண்டு மூன்று முறை சோப்பில்லாமல் வெந்நீரில் அலசிக் காய வைத்தது. செய்தித்தாள், பழுப்பு அட்டை, பூசாத மரப்பெட்டி இவற்றில் நேரடியாகப் படக் கூடாது, அமிலம் இறங்கும்.

ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதத்தில் ஒரே சீராக இருந்தால் நல்லது. பரணும் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். காட்சிக்கு வைத்தால் விளக்கு 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். வெளிச்சம் எடுத்துக்கொண்ட நிறம் திரும்பி வராது.

கருப்புக் கோடு மட்டும் உதிர்கிறது, மற்ற நிறம் நன்றாக இருக்கிறது. பூச்சியா?

பெரும்பாலும் பூச்சி இல்லை. பழைய கருப்பும் அடர் பழுப்பும் இரும்பு உப்பையும் துவர்ப்புப் பொருளையும் சேர்த்து எடுத்த சாயம். அந்த இரும்பே கம்பளி இழையை மெல்ல மெல்ல நொறுக்குகிறது. சிவப்பும் நீலமும் அப்படியே நிற்க, நடுவில் கருப்பு இருந்த இடம் மட்டும் ஏணிப்படி மாதிரி வெற்றிடமாகிவிடும். ஓரம் கடித்த மாதிரி ஒழுங்கற்ற ஓட்டை இருந்தால் அந்து. கோட்டின் போக்கிலேயே நேராகப் போனால் சாயம். இதை நிறுத்த வழியில்லை, அசைவைக் குறைத்தால் தள்ளிப் போடலாம். கீழே ஆதாரத் துணி வைத்துத் தைக்கும் வேலையை ஜவுளிப் பாதுகாப்பு படித்தவரிடம் விடுங்கள். பசை ஒட்டவே வேண்டாம்.

குடும்பக் கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ளலாமா?

தாத்தா 1960-களில் தைத்த கில்ட்டைத் தாராளமாகக் கட்டுங்கள், அது அதற்குத்தான் தைத்தது. 19ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய ஒன்றைக் கட்ட வேண்டாம். ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாலே மடிப்பின் அடியில் நூல் அறும். இடுப்பளவுக்காகப் பிரித்துத் தைப்பதும் கூடாது. பிரித்த தையல் போனால் அதோடு அந்தத் தையல்காரரின் கையும் போனது. ஆசை விடவில்லை என்றால், எண்ணி வைத்த இழைக் கணக்கைக் கொடுத்துப் புதிதாக நெய்து வாங்குங்கள். ஸ்காட்லாந்தில் சின்ன அளவில் நெய்து தரும் ஆலைகள் இருக்கின்றன.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. மெக்லியோட்ஸ் ஹைலேண்டர்ஸ் எனப்பட்ட 73ஆம் படைப்பிரிவு, பிறகு 71 என்று எண் மாறியது, 1780-இல் சென்னைக்கு வந்து இறங்கியது. அதன் இரண்டு கம்பெனிகள் அந்த ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்புவின் படையிடம் சிக்கின. மறு ஆண்டு ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டையில் நடந்த போரிலும் அந்தப் படைப்பிரிவு இருந்தது. அங்கே பைப் வாசித்த வீரரின் துணிச்சலைப் பார்த்து, தளபதி அயர் கூட் வெள்ளிப் பைப் வாங்க 50 பவுண்டு கொடுத்தார் என்பது படைப்பிரிவின் வழக்குக் கதை. எனவே இங்குள்ள பழைய வீடுகளிலோ தேவாலயங்களிலோ டார்ட்டன் துண்டு எதுவும் கிடைத்தால் விசாரிக்காமல் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கே போய்ப் பார்க்கலாம்? யாரைக் கேட்கலாம்?

எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம், ஃபோர்ட் வில்லியமில் வெஸ்ட் ஹைலேண்ட் அருங்காட்சியகம். ராணுவத்துக்குப் பெர்த்தின் பால்ஹௌஸி கோட்டையில் பிளாக் வாட்ச், அபர்டீனில் கார்டன் ஹைலேண்டர்ஸ், ஸ்டர்லிங் கோட்டையில் ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட். ஆராய்ச்சிக் கேள்விகளுக்கு ஸ்காட்டிஷ் டார்ட்டன்ஸ் அத்தாரிட்டிக்கு எழுதலாம். எழுதும்போது முன்சொன்ன படங்களையும் இழைக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். "இது என்ன விலை போகும்?" என்று அருங்காட்சியகத்தைக் கேட்காதீர்கள், அவர்கள் விலை சொல்வதில்லை.

எங்களிடம் இருப்பது கையகல கந்தல் துண்டு. வைத்திருந்து என்ன பயன்?

ஃபால்கிர்க்கில் 1933-இல் ஒரு மண்பானை கிடைத்தது. உள்ளே 1,900-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள். பானையின் வாயை அடைக்க யாரோ ஒரு கம்பளிக் கந்தலைத் திணித்திருந்தார்கள். சாயமேற்றாத இரண்டு நிறக் கம்பளியில் நெய்த சின்னக் கட்டம், 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காசைவிட இன்று அந்தக் கந்தலைத்தான் பலர் வந்து பார்க்கிறார்கள்.

கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கின் கரிச்சதுப்பில் 1980-களின் தொடக்கத்தில் எடுத்த துண்டு, 55-க்கு 43 சென்டிமீட்டர். நாற்பது வருடம் கழித்துச் சாய ஆய்வும் கார்பன் ஆய்வும் செய்தபோது, செயற்கைச் சாயம் இல்லை, காலம் பெரும்பாலும் 1500-க்கும் 1600-க்கும் இடையில் என்று தெரிந்தது. ஸ்காட்லாந்தில் கிடைத்தவற்றில் உண்மையான டார்ட்டன் என்று சொல்லத்தக்க மிகப் பழைய துணி அதுதான் என்று 2023-இல் டண்டீ நகரின் வி அண்ட் ஏ அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். நாற்பது வருடமும் யாரும் அதைத் துவைக்கவில்லை, வெட்டவில்லை, தூக்கிப் போடவில்லை.

உங்கள் துண்டைக் காடாத்துணியில் சுற்றி, எங்கிருந்து வந்தது என்று பென்சிலில் ஒரு சீட்டு எழுதிக் கூடவே வையுங்கள். சீட்டைத் துணியில் குண்டூசியால் குத்தாதீர்கள், துருப்பிடிக்கும்.